அதிரணசண்டன்: ஒரு கோபக்காரச் சொல்லின் கதை

வெயில் கொஞ்சம் தணிந்திருக்கிறது, முழங்கால் வலியும் கொஞ்சம் தணிந்திருக்கிறது. அதனால் இன்றைய பதிவு நீளம். ஒரு காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர், குடும்பத்தோடு சாளுவன்குப்பம் போனவர், அங்கிருந்தே போன் செய்தார். "டீச்சர், புலிக்குகைக்குப் பக்கத்துல ஒரு குடைவரை இருக்கே, போர்டுல அதிரணசண்ட மண்டபம்னு போட்டிருக்கு. சண்டன்னா கொடூரமானவன்தானே? ஒரு ராஜா தனக்குத்தானே அப்படிப் பேர் வச்சுக்குவானா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாத கேள்வியும்கூட. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கமாகச் சுமார் ஐந்து கிலோமீட்டர் வந்தால் சாளுவன்குப்பம். எல்லோரும் யாளித் தலைகள் சூழ்ந்த புலிக்குகை முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து சற்று வடக்கே நடந்தால் இரண்டு தூண்களோடு ஒரு சிறிய குடைவரை இருக்கிறது. அதுதான் அதிரணசண்டேசுவரம். ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்த எழுத்திலும், எதிர்ப்பக்கம் நாகரி எழுத்திலும் வடமொழிச் செய்யுட்களை வெட்டியிருக்கிறார்கள். வடக்கிலிருந்து வருபவனும் படிக்கட்டும், தெற்கே இருப்பவனும் படிக்கட்டும் என்று எண்ணியதுபோல் இரண்டு எழுத்தில்! அதில்தான் அரசன் தன்னை அதிரணசண்டன் என்று சொல்லிக்கொள்கிறான். இன்று பெரும்பாலான அறிஞர்கள் அவனை இரண்டாம் நரசிம்மவர்மன், அதாவது ராஜசிம்மப் பல்லவன் என்கிறார்கள். காலம் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம்.

பெயரைப் பிரிப்போம். அதி என்றால் மிக. ரணம் என்றால் போர். (நாம் "மனசு ரணமாயிடுச்சு" என்கிறோமே, அந்த ரணம் புண். அது விரணம் என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது. ரணகளம் என்பதில் இருப்பதுதான் போர் ரணம்.) சண்டம் என்றால் கடுமை, உக்கிரம், சீற்றம். ஆக, போரில் மிகக் கடுமையானவன்.

சண்டம் என்ற வடசொல்லில் வெப்பமும் ஒளிந்திருக்கிறது. சூரியனுக்குச் சண்டகிரணன் என்று ஒரு பெயர் உண்டு, சுடுகின்ற கதிர்களை உடையவன் என்று பொருள். சுடும் வெயில், சீறும் காற்று, அடங்காத கோபம், இரக்கமில்லாத தண்டனை, இத்தனையும் இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். இதில் எது புகழ், எது பழி என்பது சொல்லில் இல்லை. யாரை, யார், எப்போது அப்படி அழைத்தார்கள் என்பதில் இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்ததே இதுதான்.

அசோகரை எடுத்துக்கொள்ளுங்கள். பௌத்த நூல்கள் அவருக்கு இரண்டு பெயர் வைத்திருக்கின்றன. முதலில் சண்டாசோகன், பிறகு தர்மாசோகன். தீய செயல்கள் செய்த காலத்தில் முதல் பெயர், மனம் திருந்தியபின் இரண்டாவது பெயர் என்று இலங்கையின் மகாவம்சம் சொல்கிறது. அண்ணன் தம்பிகளைக் கொன்றது பற்றிய கதைகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று 13-ஆம் பாறைக் கட்டளையில் அசோகரே வெட்டி வைத்திருக்கிறார். அந்த நூல்களுக்குச் சண்டன் என்பது கழுவப்பட வேண்டிய கறை. புத்தர் காலத்து அவந்தி மன்னன் பிரத்யோதனையும் அவை சண்டப் பிரத்யோதன் என்றே அழைக்கும். அங்கேயும் அது பாராட்டு இல்லை.

அதே சொல்லை, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் கழித்து, நம் கடற்கரையில் ஒரு அரசன் பட்டமாகச் சூடிக்கொள்கிறான். ஏன்?

காரணம் அவன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 642-ஆம் ஆண்டு வாக்கில் முதலாம் நரசிம்மவர்மன், நம் மாமல்லன், சாளுக்கியரின் தலைநகரான வாதாபியைப் பிடித்தான். சாளுக்கியர் அதை மறக்கவில்லை. முதலாம் விக்கிரமாதித்தன் படையெடுத்து வந்து காஞ்சியைக் கைப்பற்றி, காவிரிக் கரைவரை போய்விட்டான். 674-ஆம் ஆண்டைச் சேர்ந்த அவனுடைய கத்வால் செப்பேடு உறையூர்ப் பக்கத்திலிருந்து வெளியிடப்பட்டது. அவனுக்கு ஒரு பட்டப்பெயர், ரணரசிகன். போரை ரசிப்பவன்! அவனை எதிர்த்துப் பெருவளநல்லூரில் போரிட்டு வென்றவன் ராஜசிம்மனின் தந்தை முதலாம் பரமேசுவரவர்மன். காஞ்சி கைலாசநாதர் கோயில் கல்வெட்டு அந்தத் தந்தையை உக்கிரதண்டன் என்றும், ரணரசிகனின் நகரத்தை அழித்தவன் என்றும் சொல்கிறது. கடுமையான தண்டனை உடையவன், அல்லது கடும் படையை உடையவன். தண்டம் என்பதற்கு இரண்டு பொருளும் உண்டு.

இப்போது வரிசையாக வைத்துப் பாருங்கள். எதிரி ரணரசிகன். அவனை வென்ற அப்பா உக்கிரதண்டன். பிள்ளை அதிரணசண்டன், ரணஜயன். "நீ போரை ரசிப்பவனா? நான் போரில் உன்னைவிடக் கடுமையானவன்" என்று இரண்டு அரச குடும்பங்கள் பெயர்களாலேயே பேசிக்கொள்கின்றன. படையெடுப்பை நேரில் கண்ட தலைமுறையின் பிள்ளைக்கு, கடுமையானவன் என்ற பெயர் ஊரைச் சுற்றி எழுப்பிய மதில் மாதிரி. தன் குடிகளைப் பயமுறுத்த வைத்துக்கொண்ட பெயர் என்பதைவிட, எல்லைக்கு அப்பால் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொண்ட பெயர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ராஜசிம்மனின் ஆட்சி பெரும்பாலும் அமைதியாகவே கழிந்தது. அவன் கட்டியதுதான் அதிகம். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலும் அவன் பெயரைச் சொல்கின்றன. 720-இல் சீனத்துக்குத் தூது அனுப்பியிருக்கிறான். கைலாசநாதர் கோயில் சுற்றுச் சிற்றாலயங்களில் அவனுடைய பட்டப்பெயர்கள் சுமார் 250 வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் வீரப்பெயர்களுக்கு நடுவே வீணை வாசிப்பில் நாரதன், கொடை மழை பொழிபவன் என்ற பெயர்களும் கலந்து நிற்கின்றன. சாளுவன்குப்பத்துக் குடைவரையில் கருவறைப் பின்சுவரைப் பாருங்கள். போரில் மிகக் கடுமையானவன் எடுத்த கோயிலுக்குள் என்ன சிற்பம்? சோமாஸ்கந்தர். அப்பா, அம்மா, மடியில் குழந்தை. வெளியே பெயர்ப் பலகையில் உக்கிரம், உள்ளே ஒரு குடும்பம்.

கதை அத்தோடு முடியவில்லை. ராஜசிம்மன் போனபின், 740-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். நூறாண்டு பழைய வாதாபிப் பகையைத் தீர்த்துக்கொள்ள அவனுக்கு அருமையான வாய்ப்பு. ஆனால் அவன் கைலாசநாதர் கோயிலை இடிக்கவில்லை. கோயிலின் பொன்னையும் பொருளையும் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதைக் கன்னடத்தில் ஒரு தூணில் வெட்டிவைத்துப் போனான். இன்றும் இருக்கிறது, போனால் பாருங்கள். அதிரணசண்டன் எடுத்த பெரிய கோயிலைக் கடைசியில் காப்பாற்றியது அவன் சண்டத்தனம் அல்ல, பகைவனின் பெருந்தன்மை. பாடம் நடத்தும்போது இந்த இடம் வந்தால் நான் ஒரு நிமிடம் நிறுத்துவேன் என்பது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

நம் செங்கல்பட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. வல்லம் மலைக் குடைவரைக்குப் பள்ளியில் எத்தனை முறை நடத்திக் கூட்டிப்போயிருக்கிறேன்! அங்கே உள்ள தமிழ்க் கல்வெட்டில் மகேந்திரவர்மனின் பட்டங்கள் வரிசையாக வருகின்றன. பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன். அவன் அடியானாகிய வயந்தப்பிரி அரசரின் மகன் கந்தசேனன் செய்வித்த தேவகுலம் அது. பிடுகு என்றால் இடி, தெலுங்கில் இன்றும் அதே பொருள்தான். பகாப்பிடுகு என்றால் பிளக்க முடியாத இடி. பக்கத்திலேயே லளிதாங்குரன், மென்மையான தளிர்! இடியும் தளிரும் ஒரே ஆள்.

பல்லவர்கள் இந்த இடிப் பெயர்களை எங்கெல்லாம் வைத்தார்கள் தெரியுமா? திருச்சிப் பக்கம் திருவெள்ளறையில் சுவஸ்திக வடிவில் ஒரு கிணறு இருக்கிறது. தந்திவர்மன் காலத்தில் வெட்டியது. பெயர் மார்ப்பிடுகு பெருங்கிணறு. மார்ப்பிடுகு தந்திவர்மனின் பட்டம். உத்திரமேரூர் ஏரிக்கு அவனுடைய இன்னொரு பட்டத்தில் வயிரமேகத் தடாகம் என்று பெயர். எதிரியை நடுங்க வைக்க எடுத்த பெயர், ஊரார் குடத்தில் தண்ணீராய் நிறைந்தது. ஒரு கடுமையான பெயருக்கு இதைவிட நல்ல கதி இருக்க முடியாது.

சரி, அரசர்களை விட்டு சாமிகளிடம் வருவோம்.

தேவி மகாத்மியக் கதையில் அம்மனுக்குச் சண்டிகை என்று பெயர். அதே கதையில் அவள் எதிர்க்கும் அசுரர்களில் ஒருவன் பெயர் சண்டன், அவன் கூட்டாளி முண்டன். இருவரையும் கொன்றதால்தான் சாமுண்டி என்ற பெயர் வந்தது என்பது கதை. கவனித்தீர்களா? சண்டனைக் கொன்றவளும் சண்டி. அவனுடைய உக்கிரம் ஊரை அழிக்க, இவளுடைய உக்கிரம் ஊரைக் காக்க. சொல் ஒன்றுதான், நிற்கிற பக்கம் வேறு.

மாமல்லபுரம் மகிடாசுரமர்த்தினி குடைவரையில் இதைக் கல்லில் காணலாம். எட்டுக் கைகளோடு சிங்கத்தின் மேல் வில்லேந்தி வருகிறாள். முகத்தைப் பாருங்கள், கோரைப்பல் இல்லை, பிதுங்கிய கண் இல்லை. இளம்பெண் முகம், அமைதியாக இருக்கிறது. எதிரே எருமைத்தலையன் இன்னும் விழவில்லை. தடியோடு பின்வாங்குகிறான். நம் சிற்பி கொலையைக் காட்டவில்லை, அதற்கு முந்தைய நொடியைக் காட்டியிருக்கிறான். சாளுவன்குப்பத்திலும், அதிரணசண்ட மண்டபத்துக்கு எதிரே ஒரு சின்னப் பாறையில் அவளுடைய போர் இருக்கிறது. பலர் கவனிக்காமலேயே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆனால் உக்கிரத்தின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. திரௌபதி ரதத்துக்குள் நிற்கிற கொற்றவையின் காலடியில் ஒருவன் மண்டியிட்டுத் தன் தலையைத் தானே அரிந்து கொடுக்கப் போகிற சிற்பம் இருக்கிறது. உக்கிரமான தெய்வம் என்று சொன்னால் அதற்கு விலை கேட்கும் காலமும் இருந்தது, கொடுத்தவர்களும் இருந்தார்கள். சுற்றுலாப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சொல்ல வேண்டும்.

நம் மக்கள் உக்கிரத்தை வணங்குவார்கள், கூடவே அதைத் தணிக்கவும் வழி வைத்திருப்பார்கள். சிங்கப்பெருமாள்கோயில் பாடலாத்திரி நரசிம்மர் உக்கிர நரசிம்மர்தான். நெற்றியில் மூன்றாவது கண் உண்டு. அது எப்போதும் திருமண்காப்புக்குள் மறைந்திருக்கும். அர்ச்சகர் அதைச் சற்று விலக்கி, தீபம் காட்டி நமக்குக் காண்பிப்பார். கோபத்தை இல்லை என்று சொல்லவில்லை. மூடி வைத்திருக்கிறோம், வேண்டும்போது திறக்கும்.

இன்னொருவர் சண்டேசுவரர். சேய்ஞலூர் விசாரசருமர், சிவபூசைக்கு வைத்த பாலை உதைத்த தந்தையின் காலையே வெட்டியவர் என்பது பெரியபுராணக் கதை. உக்கிரம் என்றால் அப்படி ஓர் உக்கிரம். அவருக்குச் சிவன் கொடுத்த பதவி சண்டீசப் பதம். ஆனால் சோழர் காலத்தில் அவர் செய்த வேலை என்ன? கணக்கு! கோயில் நிலம் வாங்குவது, விற்பது, பணம் கடன் கொடுப்பது எல்லாம் சண்டேசுவரர் பெயரில் நடந்தன. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் ஊர்ச்சபைகள் அவரிடம் காசு பெற்றுக்கொண்டு, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கட்ட ஒப்புக்கொள்கின்றன. நூற்றுக்குப் பன்னிரண்டரை! கோயில் சொத்தைத் தின்றால் விடமாட்டார் என்ற பயம்தான் அவர் மூலதனம். அவர் சந்நிதியில் கையைத் தட்டுகிறோமே, "சாமி, உங்கள் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை, கை வெறுங்கை" என்று காட்டத்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். காது கேட்காதவர், அதனால் பலமாகத் தட்டு என்று சொல்வது பிற்காலத்தார் கற்பனை. பிள்ளைகளா, அவர் தியானத்தைக் கலைக்காமல் மெல்லக் கைகளைத் துடைத்துக் காட்டினால் போதும்.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

சண்டமாருதம் என்றால் சூறாவளி. கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மேடையில் ஒருவர் வெளுத்து வாங்கினால் "சண்டமாருதமாய் முழங்கினார்" என்று பத்திரிகை எழுதும், அது பாராட்டு. பிரசண்டம் என்றால் இன்னும் கடுமை. நேபாளத்தில் பிரதமராக இருந்த புஷ்ப கமல் தாகாலின் தலைமறைவுக் காலப் பெயர் பிரசண்டா. 2022 அக்டோபரில் நம் விமானப்படையில் சேர்ந்த போர் ஹெலிகாப்டருக்கும் பிரசண்ட் என்றுதான் பெயர் வைத்தார்கள். அதிரணசண்டன் போய் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஆகியும் அரசாங்கங்களுக்கு இந்தச் சொல்மேல் ஆசை குறையவில்லை!

தென்மாவட்டங்களில் சண்டியர் என்பார்கள். ஊருக்கு அடங்காத ஆள். கமல்ஹாசன் அந்தப் பெயரில் படம் எடுக்கத் தொடங்கி, அது சாதிச் சண்டைக்குத் தூபம் போடும் பெயர் என்று எதிர்ப்பு வந்து, 2004-இல் விருமாண்டி என்ற பெயரில் வெளியானது. அரசன் வைத்தால் பட்டம், ஊரில் ஒருவன் வைத்துக்கொண்டால் வம்பு.

ஏர் இழுக்காத மாட்டைச் சண்டி மாடு என்போம். வேலை செய்யாமல் அடம் பிடித்தால் சண்டித்தனம். (சண்டை என்ற சொல்லும் இதிலிருந்து வந்ததா என்று கேட்பீர்கள். ஒலி ஒத்துவந்தால் மட்டும் உறவு ஆகிவிடாது என்று வகுப்பில் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். ஆனால் நம் காதில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுதான்.)

இப்போது என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். வாய் திறந்து நியாயம் கேட்கிற பெண்ணுக்கு நாம் வைக்கும் பெயர் என்ன? சண்டைக்காரி. சண்டி. காளி மாதிரி ஆடுறா. கோயிலில் தேங்காய் உடைத்துக் கும்பிடுகிற அதே பெயரை வீட்டில் வசவாக வீசுகிறோம். நம் குடும்பத்திலேயே ஒரு பேத்தி, சொத்துப் பத்திரத்தில் தன் பெயர் ஏன் இல்லை என்று அமைதியாகத்தான் கேட்டாள். "இவ சண்டைக்காரி, போற வீடு என்ன ஆகுமோ" என்று பேச்சு வந்தது. பெயர் சொல்லவில்லை, பேசியவர்களுக்குத் தெரியும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுவதும் பெண்ணுக்குச் சமபங்கு கொடுத்தாகிவிட்டது. சட்டம் கொடுத்ததைக் கேட்டால் சண்டையா?

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீன் விற்கிற அம்மாக்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு, "வாய் தொறந்தா சண்டை" என்று. பிள்ளைகளா, காற்றும் அலையும் இரைகிற கரையில் நின்று பேசிப் பழகிய குரல் அது. மீன் புடவை இல்லை, மடித்து வைத்து நாளைக்கு விற்க. வெயில் ஏற ஏற விலை இறங்கும். பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர் காரில் போய்விடுவார், கூடையில் மிச்சமாவது அவளுடைய அன்றைய கூலி. அந்தக் குரலில் இருப்பது கொடுமை அல்ல, கணக்கு. சண்டேசுவரர் பார்த்தாரே, அதே கணக்கு.

இதைவிடக் கனமான இன்னொன்று இருக்கிறது. அதையும் சொல்லாமல் இந்தப் பதிவை முடித்தால் நான் ஆசிரியராக இருந்ததற்கு அர்த்தமில்லை.

"சண்டாளா", "சண்டாளப் பாவி" என்று சினிமாவிலும் வீட்டிலும் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். இரக்கமில்லாதவன், துரோகி என்ற பொருளில். சண்டம் என்ற ஒலி முன்னால் இருப்பதால் அது கொடூரத்தைக் குறிக்கும் சொல் என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். இல்லை. அது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். பழைய தர்ம நூல்கள் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த மக்களுக்கு வைத்த பெயர். ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வந்த சீன யாத்திரிகர் பாகியான், அவர்கள் நகருக்குள் வரும்போது ஒரு கட்டையைத் தட்டி ஒலி எழுப்ப வேண்டும், மற்றவர்கள் கேட்டு ஒதுங்கிக்கொள்வார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். யோசித்துப் பாருங்கள். யார் யாருக்குக் கொடுமை செய்தது? கொடுமையை அனுபவித்தவர்களின் பெயரே கொடுமைக்காரன் என்பதற்குச் சொல்லாகிவிட்டது. அடித்தவன் பெயர் மறைந்துவிட்டது, அடிபட்டவன் பெயர் வசவாகிவிட்டது.

தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளின் வரிசையில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. 2024-இல் தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம், அதை வசவாகவும் நகைச்சுவையாகவும் பயன்படுத்தக் கூடாது என்று அறிவுறுத்தியது. ஒருமுறை எட்டாம் வகுப்பில், ஒரு பையன் சினிமா வசனத்தைப் பேசிக்காட்டி இந்தச் சொல்லைச் சொன்னான். வகுப்பே சிரித்தது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று பாடத்தை மூடிவைத்துவிட்டு இந்தச் சொல்லின் வரலாற்றைத்தான் நடத்தினேன். வசனம் பேசிய பையன் மணி அடித்ததும் அவனிடம் போய் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்தே சைக்கிளில் போனார்கள்.

அப்படியானால் கொடுமைக்கு நம்மிடம் சொல்லே இல்லையா? இருக்கிறது, அதுவும் அழகான தமிழ்ச் சொல். கொடுமை என்பதே அது.

கொடு என்றால் வளைந்தது. கொடுவாள் வளைந்த வாள். கொடுமரம் வளைந்த மரம், அதாவது வில். நாம் பொறுக்கித் தின்ற கொடுக்காப்புளி எப்படிச் சுருண்டு வளைந்திருக்கும்! செந்தமிழிலிருந்து வளைந்தது கொடுந்தமிழ். நேராக நிற்பது செங்கோல், வளைந்துபோனது கொடுங்கோல். பாருங்கள், வடசொல் சண்டம் சூட்டைப் பார்க்கிறது. தமிழ்ச்சொல் கொடுமை கோணலைப் பார்க்கிறது. சூடாக இருந்தாலும் நேராக இருக்கலாம், அடுப்பு மாதிரி. மெதுவான குரலில், சிரித்த முகத்தோடு பேசியும் கோணலாக இருக்கலாம். பேத்தியின் பங்கை மறுத்தவர்கள் யாரும் குரல் உயர்த்தவில்லை.

வள்ளுவர் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார். செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள். 55, 56, 57. தண்டிக்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஓங்கும்போது கடுமையாக ஓங்கு, கை இறங்கும்போது மெதுவாக இறங்கட்டும் என்பது அவர் கருத்து. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும், கடும் தண்டனை தருபவனைக் கண்டு மக்கள் அஞ்சி வெறுப்பார்கள், மிக மென்மையானவனை மதிக்கமாட்டார்கள், தகுந்த தண்டனை தருபவனே மதிக்கப்படுவான் என்கிறது. உக்கிரதண்டன் என்று பட்டம் சூடிய மன்னனும் இந்த எச்சரிக்கைகள் வழங்கிய உலகத்தில்தான் வாழ்ந்தான்.

இது வாத்தியார்களுக்கும் பெற்றோருக்கும் பொருந்தும். எங்கள் காலத்தில் பிரம்பு இல்லாத வகுப்பறை இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு குழந்தைகளை உடலாலும் மனதாலும் துன்புறுத்துவதைத் தடை செய்தது. "அதனாலதான் பிள்ளைங்க கெட்டுப்போச்சு டீச்சர்" என்று என்னிடமே பலர் சொல்கிறீர்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வீட்டுப்பாடம் எழுதாதவனைத் திரும்ப எழுத வைப்பது கண்டிப்பு, அது நேர். எழுத நோட்டு வாங்க முடியாதவனையும் அதே வரிசையில் நிறுத்துவது கொடுமை, அது கோணல். கண்டிப்பு என்பது குரலின் அளவு அல்ல. நேராக இருக்கிறோமா என்பதுதான்.

இன்று உக்கார்ந்து எழுதியதன் சாரம் இவ்வளவுதான். உங்கள் வீட்டில் பெண் பிள்ளை கேள்வி கேட்டால், சண்டைக்காரி என்று சொல்வதற்கு முன், அவள் கேட்பது நேரா கோணலா என்று பாருங்கள். நேர் என்றால் பங்கைக் கொடுத்துவிடுங்கள். கோபம் வந்து திட்ட வேண்டியிருந்தால் தமிழில் வசவுக்குப் பஞ்சமில்லை, ஒரு மக்களின் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். பேரப்பிள்ளைகள் அந்தச் சொல்லைச் சினிமாவில் கேட்டுவிட்டு வந்து சொன்னால் அதட்டாதீர்கள். உட்கார வைத்து, கட்டையைத் தட்டிக்கொண்டு ஊருக்குள் வந்த மனிதர்களின் கதையைச் சொல்லுங்கள். பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். நாற்பது பேர் இருந்த வகுப்பு ஒரு மணி நேரத்தில் புரிந்துகொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

விடுமுறையில் ஊருக்கு வருபவர்கள் சாளுவன்குப்பம் போங்கள். காலை எட்டு மணிக்குள் போனால் வெயில் சண்டகிரணனாக மாறியிருக்காது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள், கல்வெட்டைக் கையால் தடவாதீர்கள், சுண்ணாம்புக்கட்டியால் எழுத்தை நிரப்பிப் படம் எடுக்காதீர்கள். சாளுவன்குப்பத்திலேயே 2004 சுனாமிக்குப் பின் வெளிப்பட்ட பழைய முருகன் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். அதைப் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன், முழங்கால் அனுமதித்தால்.

எல்லோரும் நலமாக இருங்கள். அம்மா அப்பாவுக்கு வாரம் ஒருமுறையாவது போன் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்